மூன்றாவது கோயிலும் இருண்ட வானமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டு கோயில்களைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். மூன்றாவதின் அடித்தளம் மட்டுமே மிச்சம். ஆனாலும் அங்கே மூன்று கோயில்கள் இருந்தன என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயரால் இரண்டும் எடுப்பித்தான் என்று அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. மேலே ஒன்றுமில்லாத அந்த அடித்தளமும் அதையே சொல்கிறது. வெறும் இடமும் சாட்சி சொல்லும் என்பதை உன் ஊரிலேயே நீ பார்க்கலாம். "இத்தனை நட்சத்திரங்கள் வெளிச்சம் தரும்போது விண்வெளி ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்ற உன் கேள்விக்கு நான் சொல்ல வருவதும் இதுதான்: அந்தக் கறுப்பு ஒரு சாட்சி. நட்சத்திரங்கள் என்றென்றைக்கும் எரிந்துகொண்டிருந்தவை அல்ல, அவற்றுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதற்கான சாட்சி. "ராத்திரி என்றால் இருட்டுத்தானே" என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பார்கள். நீ விட்டுவிடாதே.

உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது எளிது. விண்வெளியில் சூரியன் சுட்டெரிக்கும்போதுகூட வானம் கறுப்பாக இருப்பது ஏன்? 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 அனுப்பிய படங்களைப் பார்: தரை வெயிலில் பளிச்சென்று இருக்கும், அதற்கு மேலே வானம் கரியாக இருக்கும். ஒளி நம் கண்ணில் வந்து விழுந்தால்தான் தெரியும். பக்கவாட்டில் கடந்து போகிற ஒளியை நாம் பார்ப்பதில்லை. பூமியில் காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன, அதனால் பகல் வானம் முழுவதும் நீலமாக ஒளிர்கிறது. நிலவில் சிதறடிக்கக் காற்று இல்லை. உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்சியில் 1888-ல் பிறந்த சி.வி.ராமன், 1921-ல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைப் பார்த்து வியந்து, அது வானத்தின் வெறும் பிரதிபலிப்பு அல்ல, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று காட்டியது இதே சிதறலைப் பற்றிய ஆராய்ச்சியில்தான். அந்த வழி அவரை 1930-ல் நோபல் பரிசுவரை கொண்டுபோனது.

ஆனால் காற்றைச் சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. காற்று இல்லாவிட்டாலும், நட்சத்திரத்தை நோக்கி நேராகப் பார்க்கிற கண்ணுக்கு அதன் ஒளி வந்துசேரும். அப்படியானால், இதுதான் இரண்டாவது கேள்வி, எந்தத் திசையில் பார்த்தாலும் ஏன் ஒரு நட்சத்திரம் தென்படவில்லை? "அவை தொலைவில் இருக்கின்றன, அதனால் மங்கிவிடுகின்றன" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் பதில். அது ஏன் போதாது என்று பார்ப்போம். கார்த்திகை தீபத்து அகல் ஒன்றைப் பத்தடி தள்ளி வை. அதையே இருபதடி தள்ளி வைத்தால் கால் பங்கு வெளிச்சம்தான் வரும். ஆனால் இருபதடியில் நான்கு அகல்களை வைத்தால் பத்தடியில் இருந்த ஒன்றுக்கு அவை சமமாகிவிடும். வானத்தை வெங்காயத் தோல் போல, நம்மைச் சுற்றி ஒரே தடிமனுள்ள அடுக்குகளாக நினைத்துக்கொள். இரண்டு மடங்கு தொலைவில் உள்ள அடுக்கு நான்கு மடங்கு பரப்புள்ளது, ஆகவே நான்கு மடங்கு நட்சத்திரங்களைக் கொள்ளும். ஒவ்வொன்றும் கால் பங்காக மங்கினாலும் அடுக்கு மொத்தம் தரும் ஒளி குறைவதே இல்லை. அடுக்குகளுக்கு முடிவே இல்லையென்றால் ஒளியும் கூடிக்கொண்டேதான் போக வேண்டும்.

எதுவரை கூடும்? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏக்கர் கணக்கில் நிற்கிற ஆர்.எஸ்.பதிக் காட்டை நினைத்துப் பார். காட்டின் நடுவில் நின்றால் மரங்களுக்கு இடையே தெரிகிற இடுக்கை அதற்குப் பின்னால் உள்ள மரம் அடைத்துவிடும். அதையும் மீறித் தெரிவதை இன்னும் தள்ளி நிற்கிற மரம் அடைக்கும். (வரிசை பிடித்து நட்டிருப்பதால் சில திசைகளில் சந்து தெரியும். நட்சத்திரங்களை யாரும் வரிசையில் நடவில்லை, ஆகையால் அதை விட்டுவிடு.) காடு போதுமான அளவு பெரிதாக இருந்தால் எங்கே பார்த்தாலும் மரச்சுவர்தான். அதேபோல் நட்சத்திரக் காடு முடிவில்லாதது, பழமைக்கும் எல்லையில்லாதது என்றால், பார்வை செல்லும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நட்சத்திரத்தின் முகம் இருக்க வேண்டும். சூரியன் நம் தலைக்கு மேலுள்ள வானத்தில் ஏறத்தாழ 90,000-ல் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கிறது. வானம் முழுவதும் அப்படிப்பட்ட முகங்களால் நிரம்பியிருந்தால், 90,000 சூரியன்களுக்குக் கீழே கொடும்பாளூர் இருக்காது, அந்தக் கருங்கற்களும் இருக்காது. நீயும் நானும் இருப்பதால், மேலே சொன்ன அனுமானங்களில் ஒன்று தவறு.

எது தவறு? ஜெர்மனியின் பிரெமன் நகரத்தில் பகலில் வைத்தியமும் இரவில் வானியலும் பார்த்த ஓல்பர்ஸ் 1823-ல் இதை எழுதினார். இந்தப் புதிரே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவருக்கு முன்பே 1610-ல் கெப்ளரைத் தொட்ட கேள்விதான் இது, பெயர் மட்டும் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள மெல்லிய பொருள் ஒளியை விழுங்கிவிடுகிறது என்பது ஓல்பர்ஸின் விடை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பால்வீதியில் தெரியும் கரிய திட்டுகள் உண்மையிலேயே தூசிதான். ஆனால் கொல்லன் உலையின் கனல்மேல் ஓர் இரும்புத் தகட்டை வைத்துப் பார். முதலில் அது கனலை மறைக்கும். கொஞ்சம் பொறுத்தால் தகடே சிவந்து ஒளிவிடும். விழுங்கிய ஒளி எங்கும் போய்விடாது, வெப்பமாகும். எல்லையில்லாத காலம் ஒளியில் காய்ந்த தூசி, தானே நட்சத்திரம்போல் எரிய வேண்டும். திரை போட்டு இந்தப் புதிரை மறைக்க முடியாது.

தப்பிக்க வழி காட்டியவர் ஒரு கதாசிரியர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. எட்கர் ஆலன் போ 1848-ல், தொலைவிலுள்ள நட்சத்திரங்களின் ஒளி இன்னும் நம்மை எட்டவில்லை என்று எழுதினார். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சூரியனிலிருந்து வரவே அதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 1,100 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரத்தை இன்றிரவு நீ பார்த்தால், மூவர் கோயிலின் கற்களை அடுக்கிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளியைப் பார்க்கிறாய். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அதைவிட நீண்ட பயணம் தேவைப்படும் ஒளி எதுவும் நம்மிடம் வந்திருக்க முடியாது. வானத்தை நட்சத்திர முகங்களால் இடைவெளியின்றி நிரப்ப வேண்டுமானால், இப்படி எட்டும் தூரத்தைப் போல் பல லட்சம் கோடி மடங்கு தூரம் தேவைப்படும். காடு ஒருவேளை முடிவில்லாததாகவே இருக்கலாம். நமக்குத் தெரிவது வாசலில் உள்ள சில மரங்கள்தான். 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைச் சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாகத் தோன்றிய ஓரிடத்தை நோக்கிப் பத்து நாள் திருப்பி வைத்தார்கள். ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் அந்தத் துளியூண்டு இடத்தில் தெரிந்தன. நான் கவனிக்கச் சொல்வது அவற்றை அல்ல, அவற்றுக்கு நடுவே இருப்பதை: அங்கே அப்போதும் இருட்டு மிச்சமிருந்தது.

"இருட்டை வைத்து வயதையும், வயதை வைத்து இருட்டையும் சொல்கிறீர்களே மாமா, இது சுற்றி வருகிற வாதம் இல்லையா?" என்று நீ கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வயது இருட்டிலிருந்து மட்டும் வருவதல்ல. பழமையான நட்சத்திரக் கூட்டங்களில் எரிபொருள் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று தனியே கணக்கிட்டால் 1,200, 1,300 கோடி ஆண்டுகள் என்று வருகிறது. எல்லையில்லாமல் பழைய நட்சத்திரம் ஒன்றுகூட அகப்படவில்லை. இன்னொரு மறுப்பும் உண்டு. பிரபஞ்சம் விரிவதால் ஒளி நீண்டு, சிவந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அதுவே இருட்டுக்குக் காரணம் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது உண்மையின் ஒரு பங்கு மட்டுமே. விரிவே இல்லையென்று வைத்துக் கணக்குப் போட்டாலும் நட்சத்திர ஒளி சில மடங்குதான் கூடும், இரவு இரவாகவே இருக்கும். நட்சத்திரங்களைப் பொறுத்தவரை முதல் காரணம் வயதுதான்.

விரிவு தன் முழு வேலையையும் காட்டுவது வேறிடத்தில். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது அது முழுவதும் 3,000 கெல்வின் வெப்பத்தில் ஒளிர்ந்தது. அத்தனை தொலைவு பார்த்தால், காட்டின் மரங்களுக்குப் பின்னால் அந்த ஒளிச்சுவர் தெரிந்தாக வேண்டுமே! தெரியத்தான் செய்கிறது, கண்ணுக்கு மட்டும் இல்லை. அந்த ஒளி 1,100 மடங்கு நீண்டு நுண்ணலையாகி, வெறும் 2.7 கெல்வினுக்குக் குளிர்ந்து எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. ரேடியோ வானியலாளர்களான பென்சியாசும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் போகவே மாட்டேன் என்ற இரைச்சலாக அதைக் கேட்டு, 1965-ல் வெளியிட்டார்கள். பழைய டிவியில் சேனல் இல்லாதபோது கொசுமொய்ப்பது போலத் தெரிந்த புள்ளிகளில் ஒரு சிறு பங்கு அதுதான். ஆகவே வானம் முழுக்க ஒளிர வேண்டும் என்ற கணக்கு முற்றிலும் தவறு அல்ல. நம் கண்தான் அந்த ஒளிக்குப் பழகியதில்லை.

கடைசியாக, காலம் போகப் போக இன்னும் தொலைவிலிருந்து ஒளி வந்துசேருமே, ஒரு நாள் இரவு பகலாகிவிடுமா என்று உனக்குத் தோன்றலாம். ஆகாது. சூரியனுக்கே மொத்த ஆயுள் 1,000 கோடி ஆண்டுகள்தான்; தொலைவிலுள்ள நட்சத்திரத்தின் ஒளி வந்துசேர்வதற்குள் பக்கத்தில் இருப்பவை அணைந்திருக்கும். அதோடு எண்ணெயும் போதாது. பிரபஞ்சத்தில் உள்ள சாதாரணப் பொருள் அனைத்தையும் ஒரு துளி விடாமல் இன்றே ஒளியாக மாற்றிவிட்டாலும் விண்வெளி ஏறத்தாழ 20 கெல்வினைத் தாண்டாது. அது மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே. நெப்டியூனையும் தாண்டி, சூரியனிலிருந்து 850 கோடி கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், சூரியனைச் சுற்றிய தூசியின் இடைஞ்சல் இல்லாமல் அந்த இருட்டை 2023-ல் அளந்தது. அது கண்ட மங்கலான ஒளி, நமக்குத் தெரிந்த விண்மீன் மண்டலங்கள் தரக்கூடிய அளவுக்குச் சரியாக இருந்தது.

அன்புடன்,
மாமா