சுண்ணாம்புச் சத்தும் தறிக்குழியும்

மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்த ஊர் காஞ்சி என்று சாத்தனார் காப்பியம் கூறும். வயிறு நிறைந்தும் என்பு பசித்திருத்தல் உண்டு. அப்பசிக்கு மருந்தாக இக்காலத்துக் கடைகளில் விற்கும் கால்சியம் மாத்திரைகளை எவ்வாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நம் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு என்பிலும் பல்லிலும் உளது. எஞ்சியது குருதியில் நின்று தசையையும் இதயத்தையும் இயக்குகிறது. உணவில் அச்சத்துக் குறையுமாயின், குருதி அதனை என்பினின்றும் எடுத்துக்கொள்ளும், என்பு மெலியும். பிள்ளையார்பாளையம் முதலிய தெருக்களில் குழித்தறியிற் காலிட்டுப் பகலெல்லாம் வீட்டினுள் அமர்ந்து நெய்வோர் மேனியில் வெயில் படுவது அரிது. வெயிலால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி இன்றிக் குடல் சுண்ணாம்புச் சத்தைச் செவ்வனே ஏற்பதில்லை. ஆதலின், அது குறைந்தார் சுண்ணாம்புச் சத்தை மட்டும் உண்ணுதல், ஊடையின்றிப் பாவு மட்டும் பூட்டிய தறியை ஒக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240, அவ்வளவு தயிரிலும் அத்துணையே, 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. முருங்கைக்கீரையும் சிறுமீனும் எஞ்சியதை நிரப்பும். வெற்றிலைச் சுண்ணாம்பே போதுமெனச் சிலர் கூறுவர். உடன் மெல்லும் பாக்கு வாய்ப்புற்று விளைப்பதாகலின் அஃது ஏற்புடைத்தன்று.

உணவாற் குறை நீங்காதவிடத்தே மாத்திரையை நாடுக. அதனைத் தேர்வார் நோக்கற்பாலன நான்கு. முதலாவது, மேலுறையில் எழுதிய உப்பின் எடையை விடுத்து, அதனுள் அடங்கிய கால்சியத்தின் அளவைக் காண்க. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பொனேட்டில் கால்சியம் 500 மில்லிகிராமே. சிட்ரேட்டிலோ நூற்றுக்கு 21 பங்கே. இரண்டாவது, கார்பொனேட்டு விலை மலிந்தது, உணவுடன் உண்ணத்தக்கது. இரைப்பையில் அமிலம் குறைந்தார்க்குச் சிட்ரேட்டு நன்று. மூன்றாவது, ஒருவேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமற் பிரித்துண்க. நான்காவது, வைட்டமின் டி சேர்ந்துளதா எனப் பார்க்க. முத்துச்சிப்பி, பவளம் என்னும் பெயர்களுக்காக மிகுபொருள் கொடுத்தல் வீண். அவற்றில் உள்ளதும் கார்பொனேட்டே.

இரும்புச்சத்து மாத்திரையை இதனோடு ஒருங்கே உண்ணலாகாது. இரண்டு மணி நேரமேனும் இடைவிடுக. தைராய்டு மருந்துக்கு நான்கு மணி நேரம் வேண்டும். சிறுநீரகக் கல் உடையார் மருத்துவரைக் கேளாது உண்ணற்க. கருவுற்ற தாய்மார்க்கு 14-ஆம் வாரம் முதல் நாளும் இருவேளை 500 மில்லிகிராம் அளிக்குமாறு நடுவண் அரசு 2014-இல் நெறி வகுத்தது. ஆதலின் அத்தாய்மார் கடைக்குச் செல்லுமுன் அரசினர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுதல் நலம்.

இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலில் மேலுள்ள மணற்கல் பெரிதும் தேய்ந்தும், கருங்கல் அடித்தளம் உறுதியாக நிற்கக் காண்கிறோம். மனிதர்க்கு என்பின் உறுதி ஏறுவது ஏறக்குறைய முப்பதாம் ஆண்டு வரையிலுமே. பின்னர்த் தேய்வு தொடங்கும். ஆகவே மாணவராகிய நாம் அடித்தளம் இடும் பருவத்தில் உள்ளோம். பாலும் கேழ்வரகும் உண்டு, நாடோறும் சிறிது நேரம் வெயிலில் உலாவுவோமாக. இல்லத்தில் தறியமர்ந்து உழைத்து நம்மைப் படிப்பிக்கும் பெற்றோர்க்கும், பொருள் கொடுத்து மாத்திரை வாங்குமுன், மேலுறையைப் படித்துச் சொல்வோமாக.