கல்சியம் குளிசையும் கிளினிக் கொப்பியும்

அரச வைத்தியசாலைகளில் கொடுபடும் கல்சியம் லக்டேட் குளிசை ஒன்று 300 மில்லிகிராம். அதற்குள் இருக்கும் கல்சியமோ ஏறக்குறைய 40 மில்லிகிராம்தான், மிச்சமெல்லாம் லக்டேட். வரக்காப்பொல டவுன் பார்மசியில் காசு கொடுத்து வாங்கும் 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேட் குளிசையில் 500 மில்லிகிராம் கல்சியம் உண்டு. இது தெரியாமல், ஆஸ்பத்திரிக் குளிசை தீர்ந்துபோச்சு என்று 'காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு' என்ற அதே கணக்கில் பார்மசிக் குளிசையை விழுங்கினால், நாளொன்றுக்கு 160 வந்த இடத்தில் 2000 வந்து நிற்கும். ஐம்பதைத் தாண்டியவருக்கு, சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து, அதுதான் உச்ச எல்லை.

ஆகவே எதை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், வாங்கத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஐம்பதைக் கடந்த பெண்களுக்கும் எழுபதைக் கடந்த ஆண்களுக்கும் நாளுக்கு 1200 மில்லிகிராம் தேவை என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் 700 போதும் என்கிறார்கள். (எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான், நிபுணர்கள்தான் வேறு.) தோட்டத்து லயத்தில் காலையில் பிளேன்டியும் ரொட்டியும், பகலில் சோறும் பருப்பும், இரவில் மிஞ்சிய சோறும் என்று போகிற வாழ்க்கையில் 700ஐ எட்டுவதே பாடு. ஒரு கிளாஸ் பாலில் 240 மில்லிகிராம் வரும். நூறு கிராம் குரக்கன் மாவில் 340 அளவில் உண்டு. முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடு நல்ல வழி. பிரஷர்காரர்கள் உப்புப் போகக் கழுவி ஊறவைத்துச் சமைக்க வேண்டும். முருங்கைக் கீரையும் கணக்கில் சேரும்.

வரக்காப்பொலையில் எலும்புக்கு மருந்து என்றால் எள்ளில் உருட்டும் தலகுளியைக் காட்டுகிறவர்களும் உண்டு. எள்ளில் கல்சியம் நிறையத்தான் இருக்கிறது. தோலோடு நூறு கிராம் எடுத்தால் 900க்கு மேல். ஆனால் அதில் பெரும்பங்கு தோலில், ஒக்சலேட்டோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதால் உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. இனிப்பும் சேர்ந்தது. ஆசைக்கு ஒன்று சாப்பிடலாம், கல்சியக் கணக்கில் எழுத வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு கதை. 'சுண்ணாம்பே கல்சியம்தானே' என்று சொல்லும் பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அந்தப் பாதியில்தான். நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பாலேயே இரத்தத்தில் கல்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டுப்போனதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. அதற்கு மேல் குளிசையும் போட்டால் சுமை இரட்டிப்பு. பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது தனி. வெற்றிலைப் பழக்கம் இருந்தால், கல்சியம் எழுதும் வைத்தியரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, குளிசை எலும்பைக் காக்குமா? பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களில் பாதிப்பேருக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியமும் 800 ஐ.யூ. விற்றமின் டி-யும் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பெலும்பு முறிவு நன்றாகக் குறைந்தது. 1992இல் வந்த முடிவு அது. அமெரிக்காவில் 36,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில், 2006இல், முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது. 2022இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் 25,000 பேரளவில் பாதிப்பேர் நாளுக்கு 2000 ஐ.யூ. விற்றமின் டி எடுத்தும் முறிவு குறையவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: வெயில் படாமல் வீட்டுக்குள் கிடப்பவர், சாப்பாடு குறைந்தவர், எலும்பு தேய்ந்தவர் ஆகியோருக்குக் குளிசை உதவும். நன்றாகச் சாப்பிட்டு, தோட்டத்தில் நடமாடும் அறுபது வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. கல் வந்து வலித்தவர்களும், சிறுநீரகம் பழுதானவர்களும் வைத்தியரைக் கேட்காமல் கல்சியத்தைத் தொடவே கூடாது.

வேண்டும் என்றே முடிவானால், காபனேட்டா சிட்ரேட்டா என்பது அடுத்த கேள்வி. காபனேட் மலிவு, எடையில் 40 சதவீதம் கல்சியம் என்பதால் குளிசை எண்ணிக்கை குறைவு. ஆனால் அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஆகவே சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வரலாம். நம்மவர்களில் எத்தனையோ பேர் காஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லி வருஷக்கணக்காக ஒமெப்ரசோல் போடுகிறார்கள். அமிலத்தை அடக்கும் மருந்தும், அமிலம் இல்லாமல் கரையாத குளிசையும் ஒரே வயிற்றில் ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவருக்குச் சிட்ரேட் பொருந்தும். வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். விலை கூட; கல்சியம் 21 சதவீதம்தான் என்பதால் குளிசையும் பெரிது. காஸ்ட்ரைட்டிஸ் இல்லாதவர் சிட்ரேட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

எதுவானாலும் ஒரு நேரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் உடம்பு உறிஞ்சும் பங்கு குறைந்துபோகும்.

இனி மற்ற மருந்துகள். கல்சியம் தனியாக இருந்தால் சாது. கூட்டாளி சேர்ந்தால்தான் தொல்லை. தைரொய்டுக்குப் போடும் தைரொக்சினுக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைரொக்சின் உடம்பில் சேராது. இரும்புச் சத்துக் குளிசையை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். சிப்ரொஃப்ளொக்சசின், டொக்சிசைக்கிளின் போன்ற அன்டிபயோட்டிக் கொடுத்திருந்தால், அந்தச் சில நாட்களுக்குக் கல்சியத்தை நிறுத்திவைப்பதே சுலபம். பிரஷருக்கு எச்.சி.டி. போடுகிறவர்களுக்குச் சிறுநீரில் கல்சியம் வெளியேறுவது குறையும். ஆகவே இரத்தத்தில் அது தேங்கப் பார்க்கும். இதயத்துக்கு டிகொக்சின் எடுப்பவர்களுக்குக் கல்சியம் கூடினால் நாடித்துடிப்பே குழம்பலாம்.

எலும்பு ஏற்கெனவே முறிந்தவருக்குக் கல்சியம் மட்டும் மருந்தாகாது. பலருக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் கொடுப்பார்கள். அதை விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். பிளேன்டி அதற்குப் பிறகுதான். அன்றைய கல்சியத்தைப் பகல் சாப்பாட்டுக்குத் தள்ளிவையுங்கள்.

விற்றமின் டி-யில் தவறு நடப்பதெல்லாம் இலக்கத்தில்தான். எழுபதைத் தாண்டியவருக்கு நாளுக்கு 800 ஐ.யூ. போதும், மேல் எல்லை 4000. லேபிளில் மைக்ரோகிராம் போட்டிருந்தால் 40ஆல் பெருக்குங்கள்: 25 மைக்ரோகிராம் என்றால் 1000 ஐ.யூ. வாரத்துக்கு ஒன்று என்று விற்கும் 60,000 ஐ.யூ. மருந்து, குறைபாடு உள்ளவருக்குச் சில வாரங்கள் மட்டும் கொடுப்பது. அதை மாதக்கணக்கில் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 8,500க்கு மேல் போகிறது. அவுஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் ஐ.யூ. கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் முறிவதும் கூடித்தான் போனது என்று 2010இல் எழுதினார்கள். தினமும் கொஞ்சமாக எடுப்பதே நல்லது.

அல்ஃபாகல்சிடோல் என்ற சின்ன கெப்சூல் இன்னொன்று. 0.25 மைக்ரோகிராம்தானே, 25 மைக்ரோகிராம் உள்ளதைவிட லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். அது சிறுநீரகத்தின் வேலையை மிச்சம்பிடிக்கும்படி பாதி தயாராக வரும் மருந்து. வீரியம் மிக அதிகம். இரத்தத்தில் கல்சியம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. பக்கத்து லயத்துக்காரரிடம் இரவல் வாங்கும் பொருள் அல்ல.

விற்றமின் டி-க்கு வெயில் இருக்கிறதே, அது இலவசம் என்பார்கள். ஆனால் இறப்பர் மரத்து நிழலில் விடியற்காலை பால்வெட்டுகிறவருக்கும், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு கொழுந்தெடுப்பவருக்கும் வெயில் படுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஓய்வுபெற்று லயத்துக்குள் ஒடுங்கியவருக்கு இன்னும் குறைவு. முற்பகலில் கையும் காலும் தெரிய வாசலில் கொஞ்ச நேரம் இருப்பது நல்லது.

கல்சியம் கூடிவிட்டால் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சோர்வு, மனக்குழப்பம் வரும். வயது போனால் இப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடக்கூடிய அறிகுறிகள் இவை. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்துகொண்டு, அம்மாவுக்கென்று பெரிய கல்சியம் போத்தல் வாங்கி அனுப்பும் பிள்ளைகளே, வாங்குவதற்கு முன் அம்மாவின் கிளினிக் கொப்பியில் மருந்து எழுதிய பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் கல்சியமோ அல்ஃபாகல்சிடோலோ ஏற்கெனவே இருந்தால் போத்தலை விட்டுவிட்டு, அந்தக் காசுக்குப் பால்மா வாங்கிக் கொடுங்கள்.