மணிமுத்தாற்றில் இட்ட பொன்

அன்புள்ள தம்பிக்கு,

விருத்தாசலம் தொழிற்பேட்டையிலிருந்து உன் பீங்கான் பொம்மைகள் நேராக வெளிநாடு போகப்போகின்றன என்று கேட்டுப் பெரிய சந்தோஷம். மண்ணையும் கிளேஸையும் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? கணக்கில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

சூளைக்கு வாங்கும் டீசலின் வாட் வரியும் மின்சார வரியும் ஜி.எஸ்.டி. கணக்கில் திரும்பி வராதவை. அப்படிப் பொருளுக்குள்ளேயே தங்கிவிடும் வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரத்தான் 2021 ஜனவரி 1 முதல் ரோடெப் திட்டம் நடக்கிறது. ஆகவே அதை யாரோ தரும் சலுகையாக நினைக்காதே. அது உன் பணம்.

ஆனால் பணமாக வராது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் உன் பெயரில் மின்-ஸ்கிரிப்பாக ஏறும். அதைக் கொண்டு இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரியை மட்டுமே கட்டலாம், ஐ.ஜி.எஸ்.டி.க்கு ரொக்கம்தான். சுந்தரர் நம் ஊரில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தாரே, அந்த மாதிரி: ஏற்றுமதியில் இட்டதை இறக்குமதியில் எடுக்க வேண்டும். அவர் ஆற்றில் இடுமுன், பின்னால் ஒத்துப் பார்க்கப் பொன்னில் ஒரு மாதிரித் துண்டை, அதாவது மச்சம், வெட்டி வைத்துக்கொண்டார் என்பதையும் மறக்காதே. உனக்கு மச்சம் ஷிப்பிங் பில். அதில் ஒவ்வொரு சரக்கு வரியிலும் ரோடெப் கேட்கிறோம் என்று கிளியரிங் ஏஜென்ட் பதிந்திருக்கிறாரா என்று நீயே பார். விட்டுப்போனால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

நீ கலரையும் டிகாலையும் உள்ளூர் டீலரிடம்தான் வாங்குகிறாய். சுங்க வரி கட்டும் வேலையே உனக்கு இல்லை. அப்படியானால் ஸ்கிரிப்பை இறக்குமதியாளர் ஒருவருக்கு விற்றுவிடு. பிரித்து விற்க முடியாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். முகமதிப்புக்குச் சற்றுக் குறைவாகத்தான் கேட்பார்கள், வருத்தப்படாதே. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில அரசுக் கடன் பத்திரங்கள் சந்தையில் நூறு டாலருக்குக் குறைவாகக் கிடைத்தன. வைத்திருந்தவர் இறந்தால், அவர் சொத்து மீதான வரிக்கு அரசு அதே பத்திரத்தை முழு நூறாக வரவு வைத்தது. ‘மலர்ப் பத்திரம்’ என்று அதற்குப் பெயர். குறைத்து வாங்கி அரசிடம் முழுதாகச் செலுத்துகிற அந்தக் கணக்குதான் உன்னிடம் வாங்குபவருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. பத்திரத்துக்கு வட்டி வரும், ஸ்கிரிப்புக்கு வராது. இரண்டு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும். விலை ஏறட்டும் என்று காத்திருக்காதே.

ஸ்கிரிப்பை நம்பி பொம்மையின் விலையை இறக்காதே. வாங்குபவரிடமிருந்து டாலர் உரிய காலத்துக்குள் வந்து சேராவிட்டால், பெற்ற தொகையை அரசு திரும்பக் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு, நம் ஊரில் பலர் கவனிக்காதது. சென்னை வியாபாரி மூலம் அனுப்பினால் ஷிப்பிங் பில் அவர் பெயரில் போகும், ஸ்கிரிப்பும் அவருக்கே. உன் சூளை கட்டிய வரி அவர் கணக்கில் வரவாகிறது. அதை விலை பேசும்போதே சொல்லிக் கேள். கூச்சப்படாதே.

அன்புடன்,
உன் அண்ணன்