காரில் லேப்டாப்புக்கு ஒரு தனி பேட்டரி

அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற அன்று, வெளியே காரில் காத்திருந்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இன்வெர்ட்டரைச் சொருகி, லேப்டாப்பில் நான்கு மணி நேரம் புரோகிராம் எழுதினேன். அப்பா வந்து அமர்ந்ததும் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' சத்தம் மட்டுமே! களைத்திருந்தவரை ஆட்டோவில் அனுப்ப வேண்டியதாயிற்று.

கணக்கைப் பாருங்கள். அடாப்டர் முழுச் சுமையில் 65 வாட்ஸ். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 75. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியருக்கு மேல். நான்கு மணி நேரத்தில் 25 ஆம்பியர்-அவர். என் கார் பேட்டரியோ மொத்தமே 35!

இதற்குத் தீர்வு, இரண்டாவது பேட்டரி. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை:

1. அடிக்கடி இறங்கி ஏறத் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி, அதுவும் சீல் செய்த வகையாக வாங்குங்கள்.

2. இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே ஐசொலேட்டர் ரிலே தேவை. இன்ஜின் ஓடும்போது இணைக்கும்; நின்றால் பிரிக்கும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் இதற்குப் பதில் டிசி-டிசி சார்ஜர் பொருத்துங்கள்.

3. இணைப்பு ஒயரில் இரு பேட்டரிகளின் பிளஸ் முனை அருகிலும் ஃபியூஸ் அவசியம். ஒயர் உரசி பாடியைத் தொட்டால் தீயைத் தடுப்பது இதுதான். ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போடாதீர்கள்.

4. வேலை தொடங்குமுன் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

இப்போது லேப்டாப் அணைந்தாலும் கார் கிளம்பிவிடும். அப்பாவைக் காக்க வைப்பதில்லை!