சங்கொலி எட்டும் வழி

நுழையும்முன்

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்பது பயனற்ற செயலைச் சுட்டும் மரபுத்தொடர். செவித்திறன் குறைந்தோரை ஒலி எட்டுவதே இல்லை என்னும் எண்ணம் இத்தொடரினுள் மறைந்துள்ளது. அவ்வெண்ணம் சரியானதா? ஒலி சூழ்ந்த திரையரங்கில் அவர்கள் கேட்பது என்ன? இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

சூழொலி

பெங்களூரின் புதிய திரையரங்குகளில் திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒலி வருவதில்லை. பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் கூரையிலும் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. படத்தில் பெய்யும் மழை தலைக்கு மேலே ஒலிக்கிறது. குதிரைகள் முதுகுப்புறமிருந்து முன்னோக்கி விரைகின்றன. இதனையே சூழொலி என்பர்.

தமிழ்த் திரையுலகம் இதனை முற்படவே வரவேற்றது. 1995இல் வெளிவந்த ‘குருதிப்புனல்’, டால்பி சூழொலியைக் கையாண்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. கூரையிலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் முறையில், ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாண வடிவம் 2012 டிசம்பரில் வெளியிடப்பட்டது.

இம்முறைகளுக்குப் பெயர் தந்த ரே டால்பி, 1963 முதல் 1965 வரை இந்தியாவில் ஐ.நா. தொழில்நுட்ப ஆலோசகராகப் பணியாற்றியவர். 1965இல் இலண்டனில் தம் ஆய்வகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் மைசூரில் மற்றொரு நிறுவனம் தோன்றியது. அதுவே இன்றைய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். ஒன்று ஒலியைச் செம்மைப்படுத்தியது. மற்றொன்று அவ்வொலியைப் பெற இயலாதோருக்கு வழி தேடியது.

இரு செவிகளின் கணக்கு

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். வலப்புறம் எழும் ஒலி முதலில் வலச்செவியையும் பின்னர் இடச்செவியையும் அடைகிறது. இடைப்பட்ட நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இந்நேர வேறுபாட்டையும் இரு செவிகளும் பெறும் ஒலியளவின் வேறுபாட்டையும் கொண்டு, ஒலி வரும் திசையை மூளை அறிகிறது. மேல், கீழ் என்னும் வேறுபாட்டைப் பெரிதும் உணர்த்துவது செவிமடலின் மடிப்புகளில் பட்டு மாறும் உச்ச ஒலியே.

ஆகவே, ஒரு செவி மட்டும் கேட்பவருக்குத் திசை மங்குகிறது. உச்ச ஒலி கேளாதவருக்குக் கூரையின் மழை எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாவதில்லை.

வல்லினத்தின் மெலிவு

உட்செவியில் சங்கின் புரிபோலச் சுருண்ட உறுப்பொன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. அழிந்த அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. முதுமையாலும் பேரிரைச்சலாலும் முதலில் நலிபவை பெரும்பாலும் உச்ச ஒலியை உணரும் அணுக்களே.

இதன் விளைவைத் தமிழ்ச் சொற்களிலேயே காணலாம். கடை, சடை, தடை, படை என்னும் நான்கினையும் வேறுபடுத்துவது முதலெழுத்தின் மெய்யொலி மட்டுமே. வல்லினம் எனப் பெயர் பெற்றிருப்பினும், ஒலியாற்றலில் இம்மெய்கள் உயிரொலிகளைவிட மெலிந்தவை. செவித்திறன் குறைந்தவருக்கு உயிரொலி உரக்கக் கேட்கிறது, மெய்யொலி நழுவிவிடுகிறது. “கடைக்குப் போ” என்பதை அவர் “படைக்குப் போ” எனக் கேட்கக்கூடும். சுற்றியுள்ளோர் நகைக்கின்றனர், கவனமில்லை எனக் கடிகின்றனர். இவ்வாறு பலமுறை நேர்ந்தபின் அவர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார். செவிக்குறையினும் கொடியது இத்தனிமை.

கூட்டினால் போதுமா?

ஒலியளவைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது. உட்செவி நலிந்த பலருக்கு மெல்லொலி கேட்பதே இல்லை. பேரொலியோ எவரையும் போலச் செவியைத் தாக்குகிறது. திரையில் வெடியோசை அதிர, உரையாடல் மட்டும் மறைந்துபோவது இதனாலேயே.

பேச்சு வழக்கில் ‘காது மெஷின்’ எனப்படும் செவித்துணைக் கருவி, இழந்த ஒலிப்பகுதியை அளந்தறிந்து அதனை மட்டும் மிகுதியாகப் பெருக்குகிறது. ஆயினும் அது முதன்மையாகப் பேச்சுக்கென அமைக்கப்பட்டது. புல்லாங்குழலின் நீண்ட சுரத்தைத் தேவையற்ற சீழ்க்கை எனக் கருதி அடக்கிவிடுவதும் உண்டு. எனவே, இசைக்கெனத் தனி அமைப்பைச் செவித்திறன் வல்லுநரிடம் கேட்டுப் பெறலாம். பெங்களூரிலுள்ள டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையில் சோதனை, பயிற்சி ஆகிய பணிகளை ஆற்றுகிறது. இரு செவிகளிலும் குறையுடையவர் இரண்டிலும் கருவி அணிந்தால் திசையுணர்வு மேம்படக்கூடும். ஒரு செவி மட்டும் கேட்பவர், கைப்பேசியின் ‘மோனோ’ அமைப்பைத் தெரிவு செய்தால் இடம், வலம் இரண்டின் ஒலியும் ஒன்றாகி வரும். பாடலின் எப்பகுதியும் விடுபடாது.

உடலும் கேட்கும்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி, 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். எனினும் உலகப் புகழ்பெற்ற தாளக் கலைஞரானார். வெறுங்காலுடன் மேடையேறி, அதிர்வைப் பாதங்களாலும் உடலாலும் உணர்ந்து வாசிப்பார். 2012இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் வாசித்தார். தவிலின் முழக்கம் நெஞ்சில் அதிர்வதைத் திருவிழாக்களில் உணர்ந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

அரங்கின் கடமை

தனிமனித முயற்சி மட்டும் போதாது; அரங்கும் இடம்தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. திரையரங்குகளில் செவி, பார்வைக் குறையுடையோருக்கான வசதிகள் குறித்த வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. உரையாடலோடு “தொலைவில் இடியோசை” போன்ற குறிப்பையும் தரும் திரையெழுத்து அவ்வசதிகளுள் ஒன்று. உறவினரும் நண்பரும் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசினால், படம் முடிந்தபின் நிகழும் உரையாடலிலும் அவர் பங்கேற்பார்.

சங்கொலி எல்லாரையும் ஒரே வழியில் எட்டுவதில்லை. ஒருவருக்குச் செவி, ஒருவருக்குக் கருவி, ஒருவருக்கு அதிர்வு, ஒருவருக்கு எழுத்து. அவரவர்க்குரிய வழியைக் கேட்டறிந்து திறப்பதே அறம்.

அறிந்துகொள்க

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரைப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் எனில் 4 மணி நேரம் மட்டுமே.

சொற்பொருள்

புரி – சுருள். நலிதல் – வலிமை குன்றுதல். நகைத்தல் – சிரித்தல். கடிதல் – கண்டித்தல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. ஒலி வரும் திசையை மூளை எவ்வாறு அறிகிறது?
2. ஒலியளவைக் கூட்டுவது மட்டும் ஏன் தீர்வாகாது?
3. செவிக்குறையினும் கொடியது எனப் பாடம் கூறுவது எது? ஏன்?

ஆ. முதலெழுத்தை மட்டும் மாற்றிப் புதிய சொற்களை உருவாக்குக.
1. கல் 2. பாடு 3. தட்டு

இ. செயல்பாடு
வகுப்புத் தோழர் ஒருவர் கண்களை மூடிக்கொள்ள, மற்றவர் வெவ்வேறு திசைகளில் நின்று கைதட்டுக. முதலில் இரு செவிகளாலும், பின்னர் ஒரு செவியை மூடியும் திசையைக் கண்டறிந்து, வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.