ஏஐ செயலி எழுதிப் பழக வீட்டு லேப்டாப்பே போதும்

கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இறுதியாண்டு புராஜெக்டாக ஏஐ செயலி செய்ய விரும்புகிறார்கள். கூடவே புது லேப்டாப் வேண்டும், மாதக் கட்டணத்துக்கு வாப்பாவின் கார்டு வேண்டும் என்ற பேச்சும் வந்துவிடுகிறது. எழுதிப் பழகும் கட்டத்தில் இரண்டும் தேவையில்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பும் ஓர் ஆண்ட்ராய்டு போனும் போதும்.

முதலில் ஃப்ளட்டரை நிறுவுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் இதில் ஒருமுறை எழுதிய நிரலை ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் மூன்றுக்கும் செயலியாக்கலாம். (ஐபோனுக்கு மட்டும் மேக் கணினி வேண்டும், இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.) ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் நிறுவியபின், டெர்மினலில் 'ஃப்ளட்டர் டாக்டர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், இன்னும் எது குறைகிறது என்று அதுவே சொல்லும்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தே வைத்தால் ரேம் தாங்காது. நிரலை விஎஸ் கோடில் எழுதுங்கள். எமுலேட்டரும் வேண்டாம், சொந்த போனிலேயே சோதிக்கலாம். போன் அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கிக் கேபிளில் இணையுங்கள்.

அடுத்து ஏஐ. ஒல்லாமா என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன்வழியே ஜெம்மா 2 மாடலின் 2பி வடிவத்தை இறக்குங்கள். சுமார் 1.6 ஜிபி. பிறகு இணையம் இல்லாமலே பதில் சொல்லும். தமிழ் சுமார்தான், சோதனைக்குப் போதும்.

பலரும் திணறும் இடம் இனிமேல்தான். ஒல்லாமா லேப்டாப்பின் 11434 என்ற போர்ட்டில் இயங்குகிறது. செயலியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால், போன் தன்னையே தேடும், லேப்டாப்பை அல்ல. டெர்மினலில் 'ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:11434 டிசிபி:11434' என்று (இதுவும் ஆங்கில எழுத்தில்) கொடுத்தால் கேபிள் வழியே இணைப்புக் கிடைக்கும். எமுலேட்டர்தான் வேண்டும் என்பவர்கள் 10.0.2.2 என்ற முகவரியைப் பயன்படுத்தலாம்.

பின்னாளில் கட்டணச் சேவைக்கு மாறினால் ஒரு ஏபிஐ கீ தருவார்கள். அது கையில் கொடுத்த அமானிதம் மாதிரி. செயலிக்குள் எழுதிவைத்தால், ஏபிகே கோப்பைப் பிரித்து யாரும் எடுத்துவிடலாம். அவர்கள் செலவழிப்பது வாப்பாவின் கார்டில் விழும். கீயை உங்கள் சர்வரில் வைத்து, செயலி அதனிடம் கேட்கும்படி செய்யுங்கள். தெரியாமல் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டிருந்தால் கோப்பை அழிப்பது உதவாது, பழைய பதிப்பில் அது கிடக்கும். உடனே அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குங்கள்.