வீட்டிலிருந்து வேலையா? ரவுட்டரைத் திறந்து பாருங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நாற்காலி, ஹெட்செட், இன்வெர்ட்டர் வரை பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். இணைப்புக் கொடுக்க வந்தவர் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரை மட்டும் யாரும் தொடுவதில்லை. வாடிக்கையாளர் கணக்கு, சம்பளப் பட்டியல், அலுவலக மெயில் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. விபிஎன் இருக்கிறதே என்பீர்கள். அது அலுவலக லேப்டாப்புக்கு மட்டும்தான். உங்கள் செல்போனுக்கும் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் அது காவல் இல்லை.

ஆபத்து வெறும் டேட்டா திருட்டோடு நிற்பதும் இல்லை. 2008 ஜூலை 26-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மெயிலைக் காவல்துறை துருவியபோது, தடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையை எதிர்கொண்டவர் அவர்தான்.

சரி, வேலையைத் தொடங்கலாம். முடிந்தால் லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையில் இருந்துகொண்டே மாற்றினால் பாதியில் அறுந்துவிடும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1. சரியான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் முதல் காரியம் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. 2016-இல் உலகையே உலுக்கிய மிராய் வைரஸ், தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் அறுபதுக்குச் சற்று அதிகமான பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டுதான் லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. அப்படியே ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

அடுத்து, வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கம். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டபிள்யூபிஏ2, கூடவே ஏஇஎஸ் குறியாக்கம். டிகேஐபி வேண்டாம், அது பலவீனமானது, வேகத்தையும் குறைக்கும். வெப் (WEP) என்ற பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் புது ரவுட்டர் வாங்குங்கள்.

இனி வைஃபை பாஸ்வேர்டு. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். டபிள்யூபிஏ2-இல் உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் அந்த நொடியில் இரண்டும் பரிமாறிக்கொள்வதை வெளியில் இருப்பவர் பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது, அதனால் தடுக்கவும் முடியாது. நம் ஊரில் பாஸ்வேர்டு என்றாலே செல்போன் எண்தான். 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சில மணி நேர வேலை. டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கிறது. ஆனால் வீட்டில் பழைய போன் ஒன்று இருந்தாலும் இரண்டையும் கலந்த மோடில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே பாஸ்வேர்டு நீளமாகவே இருக்கட்டும்; 63 எழுத்து வரை இடமுண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிடுங்கள்: முருங்கை, டிக்கெட், சுண்ணாம்பு, ஒட்டகம், ஜன்னல் என்பதுபோல. மனதில் நிற்கும், ஊகிக்கவும் முடியாது.

டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பிடித்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளிவந்துவிட்டது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பயனில்லை, அதை எளிய செயலியே கண்டுபிடித்துவிடும். பெயரில் வீட்டு எண்ணையோ குடும்பப் பெயரையோ வைக்காமலிருந்தால் போதும்.

கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் அதற்குத் தனி பாஸ்வேர்டு போட்டு, டிவி, கேமரா, விருந்தாளிகளின் போன் எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். அலுவலக லேப்டாப் பிரதான நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

இதையெல்லாம் காலை மீட்டிங்குக்கு முன் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு மாறியதும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வசதி. பிரிண்டரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.